கொசுறு

எந்தக் கம்பெனி நல்லது என்றுதான்
எல்லோரும் தொடங்குவார்கள்.
லா பாஸின் எலோய் சல்மோன் தெருவில் பதினோரு வருஷமாக
நான் சொன்ன பதில்களைக் கூட்டினால்
எல்லாக் கம்பெனியும் நல்லது,
எல்லாக் கம்பெனியும் மோசம்.
அன்றைக்கு மேசையில் எது மிச்சமோ அதுவே உத்தமம்.

டியோனிசியா கஞாவிரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
ஆலங்கட்டி மழை தகரத்தில் பொரிந்துகொண்டிருந்தபோது.
மேலே எல் ஆல்தோவிலிருந்து கேபிள் காரில் இறங்கியவள்.
தொப்பிக்கு பாலிதீன் உறை.
உள்ளங்கையில் மருமகன் பேனாவால் எழுதித் தந்த
மூன்று கம்பெனிப் பெயர்கள்;
இரண்டை மழை தின்றுவிட்டது,
மூன்றாவதில் ஓர் எழுத்து மிச்சம்.

'காசேரோ' என்றாள்.
விற்பவனும் வாங்குபவளும் ஒருவரையொருவர்
அழைத்துக்கொள்ள எங்களுக்கு அந்த ஒரே சொல்தான்.
யார் யாரை ஏமாற்றப்போகிறோம் என்று
அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

என்ன வேலைக்கு என்றேன்.
மினிபஸ் ஓட்டுநர் சங்கத்தில் குறிப்பெழுதும் செயலாளர்.
யார் தாமதம், யாருக்கு எத்தனை அபராதம்,
கூட்டத்தில் யார் யாரைக் கெட்ட வார்த்தை சொன்னது.
இரவில் கேக் செய்யும் வீடியோ.
'பறக்க வேண்டாம், நடந்தால் போதும்.
ஆயிரத்து முந்நூறு பொலிவியானோ இருக்கிறது.
மடியில் வேறெதுவும் ஒளித்து வைக்கவில்லை.'

முதலில் காட்டியது பளபளப்பான ஒன்று.
ஒன்பது தடவை திறந்து மூடினாள்,
கீல் முனகுகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள்.
உள்ளே சுழலும் வட்டு, நிறைய இடம் என்றேன்.
சொல்ல வேண்டாததையும் சொல்லிவிட்டேன், ஏனென்று தெரியவில்லை:
அந்த வட்டின் முனை மிதப்பது காற்று மெத்தையில்.
மூவாயிரம் மீட்டருக்கு மேல் பொறுப்பில்லை என்று
செய்தவர்களே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.
நாம் நிற்பது மூவாயிரத்து அறுநூறில்.
அவள் வீடு நாலாயிரம் தாண்டி.
'சமவெளிக்காரன் மாதிரி இதற்கும் மூச்சு வாங்குமோ'
என்று தள்ளி வைத்தாள்.

இரண்டாவது தடித்தது, கறுத்தது.
ஏதோ வடக்கத்தி ஆபீசில் ஆறு வருஷம் உழைத்து
ஓய்வுபெற்று, கப்பலேறி, லாரியில் மலையேறி வந்தது.
உள்ளே எதுவும் சுழலாது. பேட்டரியைக் கழற்றலாம்.
உதிரி பாகம் எதிர்க்கடை வில்மரிடமே கிடைக்கும்.
ஆயிரத்து இருநூறு.
முடிந்தது என்று பையை எடுத்தேன்.

அவள் இரண்டு விரலால் தன் பெயரைத் தட்டினாள்.
கனாவிரி என்று வந்தது.
மறுபடி தட்டினாள். கனாவிரி.
'இது யார்?' என்றாள்.

தலையில் சின்ன அலை சுமக்கும் அந்த எழுத்துக்கு
வடக்கே விசை கிடையாது.
ஒன்றை அமுக்கிக்கொண்டு மூன்று எண் தட்டினால் வரும்,
சொல்லித் தருகிறேன் என்றேன்.
'வருஷம் என்று எழுத வேண்டும் நான், ஒவ்வொரு பக்கத்திலும்.
அலை போனால் அது என்ன வார்த்தை தெரியுமா?'
தெரியும். உட்காரும் இடத்தின் பெயர்.
வில்மருக்கும் தெரியும்;
சாலிடர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.
'சங்கத்தின் இருபதாவது அது என்று தலைப்புப் போட்டால்
அடுத்த தேர்தலில் நான் இல்லை.'

கடையைக் கவிழ்த்தேன்.
செத்த யந்திரங்களின் வாளியில், அடியில்,
சிலே பள்ளிக்கூடத்துக் கீபோர்டு ஒன்று. அதே மாடல்.
மூலையில் யாரோ தின்ற மிட்டாயின் பிசுக்கு.
திருகாணி பதினொன்று. அவள் எண்ணினாள்.
வந்துவிட்டது என்று சொல்லவில்லை,
விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்:
ஞஞஞஞஞஞஞஞஞஞஞஞ

ஆயிரத்து இருநூறை எண்ணி வைத்தாள்.
கீபோர்டு மாற்றிய கூலி என்றேன்.
'கொசுறு?' என்றாள்.
கொசுறு இல்லாமல் வாங்கினால்
உருளைக்கிழங்குகூட வேகாது எங்கள் ஊரில்.
மௌஸ் ஒன்று கொடுத்தேன்.

படியிறங்கும்போதுதான் கேட்டாள்:
'அதுசரி, இது எந்தக் கம்பெனி?'
மூடியில் பெயரின் மேல்
பழைய ஆபீஸ் ஒட்டிய சரக்கு எண்.
நகத்தால் சுரண்டினேன், பாதி வந்தது.
'இருக்கட்டும்' என்றாள்,
'மழை விட்டுவிட்டது.'